முதலில் பயின்ற பதிப்பு: பர்மாத் தமிழர் நூற்பற்றும் பதிப்பு வரலாறும்

1. முன்னுரை

ஒரு நூலை முதன்முதலாகப் பயின்ற பதிப்பின்மீது வாசகர் கொள்ளும் பற்று, பெரும்பாலும் தனிமனித உணர்வாகக் கருதப்பட்டு ஆய்வுக்கு அப்பால் நிறுத்தப்படுகின்றது. பாடவேறுபாடு, உரைமரபு, பதிப்பாசிரியர் வரலாறு ஆகியவற்றை நுணுகி ஆராய்ந்துள்ள தமிழ்ப் பதிப்பியல், ஒரு நூல் வாசகர் கைக்கு எவ்வடிவில், எவ்வழியில், எந்நிலையில் வந்தடைந்தது என்னும் வினாவைக் குறைவாகவே எழுப்பியுள்ளது. புலம்பெயர்ந்த தமிழர் வரலாற்றை எழுதுவோர்க்கு இவ்வினா தவிர்க்க இயலாதது. நூல் கிடைப்பதே அரிதாக இருந்த இடங்களில், எந்தப் பதிப்பு கிடைத்ததோ அதுவே நூலாயிற்று.

இக்கட்டுரை பர்மாத் தமிழரை, குறிப்பாக அன்றைய ரங்கூனாகிய இன்றைய யாங்கோன் நகரத் தமிழரை மையமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய முற்படுகின்றது. கட்டுரையாளர் வாழும் லான்மடாவ் அந்நகரின் மேற்குப் பகுதியிலுள்ள நகரியம். பர்மியச் சொல்லுக்குப் பெருவழி என்று பொருள் கொள்ளலாம். அப்பெருவழியில் வந்தோரும் சென்றோரும் பலர். அவர்தம் நூல்களில் சில இங்கே தங்கின, பல அழிந்தன, சில கடல் கடந்து மீண்டன. பதிப்பின்மீதுள்ள பற்று வெறும் பழம்நினைவு அன்று, ஒரு சமூகத்தின் வாசிப்பு வரலாற்றுக்குரிய சான்று என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

2. நூல், பதிப்பு, படி

முதற்கண் மூன்று சொற்களை வேறுபடுத்திக் கொள்ளுதல் வேண்டும். நூல் என்பது ஆசிரியர் இயற்றிய பனுவல். பதிப்பு என்பது அப்பனுவல் ஒரு காலத்தில், ஓர் அச்சகத்தில், ஒரு பதிப்பாசிரியர் மேற்பார்வையில் பெற்ற வடிவம். படி என்பது அப்பதிப்பின் பல உருப்படிகளுள் ஒருவர் கையில் இருக்கும் ஒன்று. நூலின்மீதுள்ள பற்றை இலக்கிய வரலாறும், பதிப்பின் தகுதியைப் பதிப்பியலும் பேசுகின்றன. படியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பழம்புத்தக வணிகரும் நூல் சேகரிப்போருமே. வாசகரின் பற்று இம்மூன்றையும் ஒருங்கே தழுவி நிற்பதால் எத்துறைக்கும் முழுமையாக உரியதாகாமல் போயிற்று.

பிறமொழி எழுத்தாளர் சிலர் இதனைக் கூர்ந்து நோக்கியுள்ளனர். ஆங்கிலக் கட்டுரையாளர் சார்ல்ஸ் லாம், 1822-இல் நூல்களையும் வாசிப்பையும் பற்றி எழுதிய கட்டுரையில், சேக்சுபியர் நாடகங்களுக்கு உயர்ந்த ஓவியங்களோடு வந்த விலைமிக்க பதிப்பைக் காட்டிலும், குறிப்புரையற்ற, படங்கள் தரங்குறைந்த பழைய எளிய பதிப்பையே தாம் விரும்புவதாகக் கூறுகின்றார். பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் புரூஸ்த், தம் பெருநாவலின் 1927-இல் வெளிவந்த இறுதிப் பகுதியில் இதனை இன்னும் ஆழமாக விளக்குகின்றார். கதைசொல்லி ஒரு செல்வர் இல்லத்து நூலகத்தில், இளமையில் தன் தாய் வாசித்துக் காட்டிய நாவலைக் காண்கின்றான். தான் நூல் சேகரிப்பவனாக இருந்தால் முதற்பதிப்புகளையே தேடுவதாகவும், ஆயின் முதற்பதிப்பு எனத் தான் கொள்வது தான் முதலில் வாசித்த பதிப்பையே எனவும் எண்ணுகின்றான். வணிகர் கூறும் முதற்பதிப்பு அச்சகத்தின் காலவரிசையைச் சார்ந்தது. வாசகரின் முதற்பதிப்பு அவர்தம் வாழ்வின் காலவரிசையைச் சார்ந்தது.

தமிழ்ச் சூழலில் இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950 அக்டோபர் இறுதியில் 'கல்கி' இதழில் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் தொடராக வந்த அந்நாவலை, வாரந்தோறும் இதழிலிருந்து பிரித்தெடுத்துத் தைத்துக் கட்டடம் செய்து வைத்துக் கொண்ட குடும்பங்கள் பல. ஓவியர் மணியம் வரைந்த படங்களும், தொடரின் ஊடே அமைந்த விளம்பரங்களும், கட்டடக்காரர் வெட்டியதால் குறுகிய ஓரங்களும் சேர்ந்ததே அவர்களுக்கு அந்நாவல். கல்கியின் படைப்புகள் அரசுடைமையாக்கப்பட்ட பின்னர்ப் பதிப்பகத்தார் பலர் வெவ்வேறு வடிவங்களில் அதனை வெளியிட்டுள்ளனர். சொற்கள் அவையே. எனினும் வீட்டிலிருந்த கட்டடத் தொகுதியை இழந்தவர், புதிய தொகுதிகளை வாங்கிய பின்னரும் இழந்ததாகவே கருதுவர். எந்த அச்சகமும் வெளியிடாத, ஒவ்வொரு குடும்பமும் தானே உருவாக்கிக் கொண்ட பதிப்பு அது.

3. ரங்கூனுக்கு வந்த நூல்களும் ரங்கூனில் பிறந்த நூல்களும்

1852-இல் ஆங்கிலேயர் ரங்கூனைக் கைப்பற்றிய பின்னர், கட்டமிட்ட நேர்தெருக்களைக் கொண்ட துறைமுக நகரமாக அது மீள அமைக்கப்பட்டது. நெல் வேளாண்மை பெருகப் பெருக, வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தாரும், துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்த தொழிலாளரும், எழுத்தரும், ஆசிரியரும் தமிழகத்திலிருந்து வந்தனர். 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பர்மாவிலிருந்த இந்தியர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ரங்கூன் நகர மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. அவருள் தமிழரும் தெலுங்கரும் பெருந்தொகையினர்.

இம்மக்களின் வாசிப்புக்கு அடிப்படையாக அமைந்த ஆட்சிநிலையை இங்குக் குறிப்பிடுதல் வேண்டும். 1937 ஏப்ரல் முதல் நாள் வரை பர்மா பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையில் அச்சான நூல் ரங்கூனுக்கு உள்நாட்டு அஞ்சலிலேயே வந்தது. விலையும் ஒரே நாணயத்தில் குறிக்கப்பட்டது. ஆகவே ரங்கூன் வாசகருக்குச் சென்னைப் பதிப்பு அயல்நாட்டுப் பதிப்பு அன்று. கப்பல் சில நாள் பிந்தி வந்தது என்பதே வேறுபாடு.

நூல்களை வாங்கும் நகரமாக இருந்ததோடு, ரங்கூன் நூல்களை வெளியிடும் நகரமாகவும் விளங்கிற்று. இதற்குத் தலைசிறந்த சான்று வெ. சாமிநாத சர்மா (1895-1978). 'தேசபக்தன்', 'நவசக்தி' ஆகிய இதழ்களில் திரு.வி.க.வோடு பணியாற்றிய அவர், 1932-இல் ரங்கூன் சென்றார். 1937 முதல் 1942 வரை அங்கிருந்து 'ஜோதி' இதழை நடத்தினார். ரங்கூனில் இயங்கிய புதுமலர்ச்சி நூற்பதிப்புக் கழகத்தின் வாயிலாக அவர் நூல்கள் வெளிவந்தன. உலக அரசியலைத் தமிழில் விளக்கியவர் என்னும் அவர்தம் புகழுக்குரிய அடித்தளம் பெரிதும் அந்நகரிலேயே அமைந்தது.

இந்நூல்கள் பதிப்புப் பற்றுக்கு ஒரு தனித்தன்மை வாய்ந்த சான்றாகின்றன. ஸ்பெயின், பாலஸ்தீனம், செக்கோஸ்லோவேகியா எனச் சர்மா அக்காலத்தில் எழுதியவை, நிகழ்ந்து கொண்டிருந்த வரலாற்றைப் பற்றியவை. அவற்றை அன்று வாங்கிப் படித்த ரங்கூன் வாசகருக்கு அந்நிகழ்ச்சிகளின் முடிவு தெரியாது. போர் தம் வாயிலுக்கே வரப்போகின்றது என்பதும் தெரியாது. பிற்காலத்துத் தொகுப்பில் அவற்றைப் படிப்பவர் முடிவை அறிந்தே படிக்கின்றார். சொற்கள் மாறவில்லை எனினும் வாசிப்பு மாறிவிட்டது. ரங்கூன் என்னும் ஊர்ப்பெயர் முகப்பில் பொறித்த படியைக் கையிலெடுப்பவர்க்கே, முடிவறியாது படித்த அவ்வாசகரின் நிலை ஓரளவேனும் புலப்படும்.

4. இரண்டு வெளியேற்றங்கள்

1941 டிசம்பர் 23-ஆம் நாள் ரங்கூன்மீது ஜப்பானியர் முதற்குண்டு வீசினர். 1942 மார்ச்சுத் திங்களில் நகரம் வீழ்ந்தது. அரக்கான் வழியாகச் சிட்டகாங்குக்கும், தமு வழியாக மணிப்பூருக்கும் இந்தியர் நடந்தே வெளியேறினர். வெளியேறியோர் தொகை நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டது என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. வழியில் பசியாலும் நோயாலும் மாண்டோர் பல்லாயிரவர். சாமிநாத சர்மாவும் அவர் மனைவியாரும் அவ்வாறு நடந்து மீண்டவர்களே. அவ்வனுபவத்தை 'எனது பர்மா வழி நடைப் பயணம்' என்னும் நூலில் அவர் எழுதியுள்ளார்.

நடந்து செல்வோர்க்கு நூல் ஒரு சுமை. அரிசியும் குழந்தையும் சுமக்க வேண்டிய தோளில் நூலுக்கு இடமில்லை. ரங்கூனில் வெளியான தமிழ் நூல்களின் படிகள் இன்று அரியனவாக இருப்பதற்கு இவ்வெளியேற்றம் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாதல் வேண்டும். நூலை விட்டுச் சென்றவர்கள் நூற்பற்று இல்லாதவர்கள் என்று கருதுதல் பொருந்தாது. பிற்காலத்தில் அதே நூலின் சென்னைப் பதிப்பைக் கண்டபோது அவர்கள் மகிழ்ந்திருக்கலாம். ஆயினும் அது அவர்கள் விட்டுவந்த படி அன்று.

இரண்டாம் வெளியேற்றம் வேறு தன்மையது. 1962 மார்ச்சு 2-ஆம் நாள் இராணுவ ஆட்சி ஏற்பட்டது. தொடர்ந்து வணிக நிறுவனங்களும் கடைகளும் அரசுடைமையாக்கப்பட்டன. 1964 மே மாதம் 50, 100 கியாட் நாணயத்தாள்கள் செல்லாதனவாயின. வாழ்வாதாரம் இழந்த இந்தியர் கப்பல்களில் தாயகம் திரும்பினர். தமிழகம் வந்தோர் இலட்சத்துக்கு மேற்பட்டவர். பர்மா நகர் என்னும் குடியிருப்புகளும், சென்னைத் துறைமுகத்தை அடுத்த பர்மா பசாரும், மணிப்பூர் எல்லையிலுள்ள மோரேயில் வாழும் தமிழரும் அவ்வரலாற்றின் அடையாளங்கள். பொன்னும் பொருளும் எடுத்துச் செல்லக் கடுங்கட்டுப்பாடு இருந்தது. விலையற்றது எனக் கருதப்படுவதே எடுத்துச் செல்வதற்கு எளியது. பழைய புத்தகம் அத்தகையது. 1942-இல் எடையால் கைவிடப்பட்ட நூல், 1964-இல் விலையின்மையால் தப்பிச் செல்லும் வாய்ப்பைப் பெற்றது எனலாம்.

இங்கேயே தங்கிவிட்டவர்களின் நிலை மூன்றாவது. 1960-களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையாயின. தனியார் நாளிதழ்கள் நின்றன. தமிழகத்தோடு இருந்த நூல் வணிகத் தொடர்பும் மெலிந்தது. புதிய நூல் வருவது அரிதான நிலையில், வீட்டிலிருந்த பழைய படியே அடுத்த தலைமுறைக்குப் பாடநூலாயிற்று.

5. எழுத்து மாறியபோது

பதிப்பு என்பது எழுத்தின் உருவத்தையும் உள்ளடக்கியது. 1978 அக்டோபரில் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. அதனால் ணா, றா, னா ஆகியவையும் அவற்றின் ஒகர ஓகார வரிசைகளும், ணை, லை, ளை, னை ஆகியவையுமாக 13 எழுத்துகள் புதுவடிவம் பெற்றன. தமிழகத்து மாணவர்க்குப் பள்ளி இம்மாற்றத்தைக் கற்பித்தது. தமிழ்ப் பள்ளி இல்லாத இடத்தில் பழைய நூலைக் கொண்டு எழுத்தறிந்தவர்க்கு அதனைக் கற்பிப்பார் இல்லை. துதிக்கை போல் வளைந்த ஐகாரக் குறியையே அறிந்தவர், புதிய நூலில் அது இரட்டைச் சுழியாக நிற்கக் கண்டு ஒரு கணம் தயங்குவார். அத்தயக்கம் அறியாமை அன்று. அவர் எந்தப் பதிப்பில் தமிழ் கற்றார் என்பதற்கான சான்று.

இதனினும் முந்தைய மாற்றம் ஒன்றையும் கருதலாம். 1950-களில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட பழந்தமிழ் நூற்பதிப்புகள், சந்தி பிரித்த வடிவில் குறைந்த விலைக்குக் கிடைத்தன. சீர்பிரித்த வடிவில் கம்பனை முதலில் படித்தவர்க்கும், சொற்பிரித்த வடிவில் படித்தவர்க்கும் செய்யுள் கண்ணில் நிற்கும் முறை வேறு. முன்னவர் ஓசையை முதலில் பெறுகின்றார். பின்னவர் பொருளை முதலில் பெறுகின்றார். இரண்டும் பயனுடையவை. எனினும் ஒருவர் மற்றவரின் பதிப்பைக் கையிலெடுக்கும்போது அந்நூல் சற்று அயலாகத் தோன்றுதல் இயல்பே.

6. அட்டையற்ற ஒரு திருக்குறள்

இவ்விடத்தில் கட்டுரையாளரின் சொந்த அனுபவத்தைச் சுருக்கமாகக் கூறுதல் பொருந்தும். தமிழ்ப் பள்ளிக்குச் செல்லும் வாய்ப்பற்ற தலைமுறையைச் சேர்ந்த எனக்குத் தமிழெழுத்து, வீட்டிலிருந்த ஒரு திருக்குறள் படியிலிருந்தே அறிமுகமாயிற்று. அதற்கு அட்டையில்லை, முகப்புப் பக்கமும் பாயிரத்தின் முதல் தாளும் இல்லை. ஆகவே பதிப்பகம், ஆண்டு, உரையாசிரியர் பெயர் எவையும் தெரியா. பழைய எழுத்துருவில் அச்சானது. குறளுக்குக் கீழே சுருக்கவுரை உண்டு. என் தந்தையார் அதனை எங்கே வாங்கினார் என்பதை நான் கேட்டதில்லை. கேட்க வேண்டும் எனத் தோன்றிய காலத்தில் அவர் இல்லை.

அப்படியில் கல்வி என்னும் அதிகாரத்தின் ஏழு குறள்கள் வலப்பக்கத்தின் அடியில் முடியும். எஞ்சிய மூன்றுக்குத் தாளைப் புரட்ட வேண்டும். பின்னர்ப் பல பதிப்புகளை வாங்கினேன். அவற்றுள் சில ஓர் அதிகாரத்தை ஒரே பக்கத்தில் அடக்கியவை. எனினும் அவ்வதிகாரத்தை ஓதும்போது ஏழாம் குறளுக்குப் பின் இன்றும் ஒரு சிறு நிறுத்தம் நேர்கின்றது. அந்நிறுத்தம் வள்ளுவர் வைத்தது அன்று, உரையாசிரியர் வைத்ததும் அன்று. பெயர் தெரியாத ஓர் அச்சுக்கோப்பாளர் இடமின்மையால் வைத்தது. அது என் திருக்குறளின் ஒரு பகுதியாகிவிட்டது.

அப்பதிப்பை அடையாளம் காணச் செய்த முயற்சி இதுவரை பயன் தரவில்லை. நூலகப் பட்டியல்கள் ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு ஆகியவற்றால் தேட உதவுகின்றன. என்னிடம் இருப்பவையோ பக்க அமைப்பும், எழுத்துருவும், உரையின் நடையுமே. அட்டையிழந்த படியை வைத்திருப்பவர் எழுப்பக்கூடிய வினாவுக்கு விடையளிக்கும் வகையில் பட்டியல்கள் அமைக்கப்படவில்லை. புலம்பெயர் குடும்பங்களில் எஞ்சிய பழைய படிகளுள் முகப்பிழந்தவை குறைவாக இரா.

7. தொகுப்பாரும் பட்டியலாரும் செய்யத்தக்கவை

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் ஒரு தனிமனிதர் திரட்டிய நூல்களும் இதழ்களும் பிறவும் ஏறத்தாழ 1 இலட்சம் உருப்படிகள். அவர் மறைவுக்குப் பின் சிகாகோப் பல்கலைக்கழகத்தின் துணையோடு அவற்றைக் காக்க, 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் நிறுவப்பட்டது. பலரும் கழித்துவிடும் துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் அவர் சேர்த்து வைத்தமையாலேயே அத்தொகுப்பு தனிச்சிறப்புப் பெற்றது. இதற்கு மறுதலையான நிகழ்ச்சி, 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டமை. அங்கு அழிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். பின்னர் நூலகக் கட்டடம் மீண்டும் எழுந்தது. நூல்கள் மீண்டும் நிரப்பப்பட்டன. அங்கே அமர்ந்து முதலில் பயின்றவர் கைபட்ட படிகளை மட்டும் மீட்க இயலவில்லை.

மின்வடிவாக்கம் பரவலாகும் இக்காலத்தில் இவ்விழப்பு ஓசையின்றி நிகழக்கூடும். ஒரு பதிப்பின் ஒரு படி மின்வடிவம் பெற்றவுடன் ஏனையவை மிகைப்படிகள் எனக் கழிக்கப்படுகின்றன. இடப்பற்றாக்குறையை அறிந்தோர் இதனைக் குறைகூற இயலாது. எனினும் கழிக்குமுன் செய்யத்தக்கவை சில உண்டு.

முதலாவது, அட்டை, விளம்பரப் பக்கம், வெற்றுத்தாள் ஆகியவற்றையும் சேர்த்தே ஒளிப்படமாக்குதல். விற்பனையாளர் முத்திரையும் உரிமையாளர் கையொப்பமும் பெரும்பாலும் அவற்றிலேயே உள்ளன. ரங்கூன் முத்திரையுள்ள சென்னைப் பதிப்பு, நூல் வணிகத்தின் கடல்வழியைக் காட்டும் ஆவணம். இரண்டாவது, கட்டடம், ஓரக்குறிப்பு, பிற்சேர்க்கைத் தாள்கள் ஆகியவற்றைப் பட்டியலில் ஒரு வரியிலேனும் குறித்தல். மூன்றாவது, முகப்பிழந்த படிகளுக்கெனத் தனிப்பட்டியல் அமைத்துப் பக்க அளவு, பக்கத்திற்கு எத்தனை செய்யுள், எழுத்துரு, தொடக்கச் சொல், இறுதிச் சொல் ஆகியவற்றைப் பதிதல். முழுப்படியும் முகப்பிழந்த படியும் ஒன்றையொன்று கண்டறிய இதுவே வழி. நான்காவது, முதியோரிடம் அவர் முதலில் பயின்ற நூல் எது, எப்படிக் கிடைத்தது, எங்கே போயிற்று என்னும் மூன்று வினாக்களைக் கேட்டுப் பதிவு செய்தல். யாங்கோனிலும், மோரேயிலும், தமிழகத்துப் பர்மா நகர்களிலும் இதற்கு இன்னும் காலம் உண்டு, மிகுதியாக இல்லை.

யாங்கோனில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கின்றது. போருக்கு முந்தைய மரக்கூழ்த் தாள் அவ்வீரத்தில் பழுப்பேறி முறிகின்றது. கறையான் பதிப்பு வேறுபாடு அறியாது.

8. முடிவுரை

முதலில் பயின்ற பதிப்பின்மீது கொள்ளும் பற்று, நூலின் பொருளைக் காட்டிலும் தாளையும் மையையும் மிகுதியாகப் போற்றும் பேதைமை என்று சிலர் கருதலாம். பர்மாத் தமிழர் வரலாறு வேறொரு விளக்கத்தைத் தருகின்றது. நூல் எங்கும் கிடைக்குமிடத்தில் பதிப்பு ஒரு தேர்வு. நூல் கிடைக்காத இடத்தில் பதிப்பு ஒரு வாய்ப்பு; பல வேளைகளில் ஒரே வாய்ப்பு. அவ்வொரே வாய்ப்பின் வழியாக ஒரு மொழி அடுத்த தலைமுறைக்குச் சென்று சேர்ந்திருக்குமாயின், அப்படியின் பழுப்புத் தாளும் பழைய எழுத்தும் மொழிவரலாற்றின் பகுதியாகின்றன.

செம்பதிப்பு நமக்கு வேண்டும். திருத்தமான பாடம் வேண்டும். அவற்றோடு, திருத்தமற்ற பாடத்தையும் மங்கிய அச்சையும் கொண்டு தமிழ் கற்றவர்களின் வரலாறும் எழுதப்படுதல் வேண்டும். என் இல்லத்திலுள்ள அட்டையற்ற திருக்குறளின் பக்க அமைப்பை ஒத்த படி ஒன்றை எவரேனும் ஒரு நாள் காட்டுவராயின், அதன் முகப்பிலுள்ள பெயரை அறிந்து மகிழ்வேன். அதன்பின்னும் ஓதுவதற்கு அட்டையற்ற படியையே எடுப்பேன்.